சம்மட்டி அடித்த காசுகள்

1514ஆம் ஆண்டு உதயகிரிக் கோட்டையை வென்ற கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு வந்தார். 30,000 பொற்காசுகளால் வேங்கடவனுக்குக் கனகாபிஷேகம் செய்தார். இச்செய்தியைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது. திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. ஒரு வராகன் ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ளது. அவ்வளவும் வராகன்களே எனக் கொண்டால், அப்பொன் நூறு கிலோவுக்கு மேற்படும்!

அக்காலத்தில் காசு அடிக்கும் பொறி இல்லை. காசு செய்யும் இடத்திற்கு அக்கசாலை என்று பெயர். அங்கே நிறுத்தெடுத்த பொன் துண்டைத் தட்டையாக்கி, உருவம் செதுக்கிய அடியச்சின்மேல் வைப்பர். மேலச்சை அதன்மீது நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். அடி சற்று விலகினால் அரசன் பெயரில் ஓரிரண்டு எழுத்துகள் காசுக்கு வெளியே போய்விடும். ஆகவே ஒரு காசு மற்றொன்றைப் போல் இராது. உருவம் கோணினாலும் குற்றமில்லை, எடை குறையலாகாது.

1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அந்நாட்டுக் காசுகளைக் குறித்து வைத்துள்ளார். வராகனில் பாதி பிரதாபம். பிரதாபத்தில் பத்தில் ஒரு பங்கு பணம். பணத்தில் ஆறில் ஒரு பங்கு தாரம். இவற்றுள் தாரம் மட்டுமே வெள்ளி. இன்று எல்லாச் செல்வத்தையும் குறிக்கும் ‘பணம்’ என்னும் சொல், அன்று ஒரு சிறு பொற்காசின் பெயராக வழங்கியது.

இங்கிலாந்திலோ வெள்ளியே பெருவழக்கு. அங்கும் சம்மட்டியே காசு அடித்தது. விளிம்பு ஒழுங்கற்றிருந்ததால், கள்வர் ஓரத்தை நறுக்கி வெள்ளியைச் சேர்த்தனர். இதைத் தடுக்க மூன்றாம் ஹென்றி மன்னர் 1247இல் பின்புறச் சிலுவையை விளிம்புவரை நீட்டச் செய்தார். சிலுவையின் நுனி குறைந்தால் களவு வெளிப்படும்.

திருப்பதியை அடுத்த சந்திரகிரியிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) வெளியிட்ட வராகனில் வேங்கடவன் நிற்கிறான். பின்புறம் ‘ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம’ என நாகரி எழுத்தில் உள்ளது. அரசரின் பெயர் அதில் இல்லை.

பின்னர்ச் சென்னையில் வணிகம் செய்த ஆங்கிலக் கும்பினியாரும் வேங்கடவனையும் தேவியர் இருவரையும் பொறித்தே வராகன் அடித்தனர். மக்கள் அதனை மூன்று சாமி வராகன் என்றனர். தம் நாட்டில் மன்னரின் தலையைப் பொறித்துப் பழகியவர்கள் அவர்கள். ஆயினும் பழகிய உருவம் இல்லாத காசை இந்நாட்டு வணிகர் எளிதில் வாங்கார் என்பதை அறிந்திருந்தனர்.

பயிற்சி

1. ஒரு வராகனுக்கு எத்தனை தாரம்? கணக்கிட்டு எழுதுக.
2. காசு, பணம், பொன் ஆகிய சொற்களை வீட்டுப் பெரியோர் எவ்வெப் பொருளில் வழங்குகின்றனர்? கேட்டு எழுதுக.