சோழமண்டலக் கரையின் துணி வியாபாரமும் அதன் கணக்குகளும்

காவிரிப் பாசன நாடு நெல்லுக்குப் பெயர் பெற்றதென்பதை யாவரும் அறிவர். ஆயினும், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனியார் இக்கரையிலிருந்து கப்பலேற்றிய சரக்குகளுள் பருத்தித் துணியே முதன்மையானது. அவ்வியாபாரத்தின் கணக்குகள் விவசாயிகளுக்கு ஒரு பாடத்தை உணர்த்துகின்றன.

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதி பெற்று டேனியர் தரங்கம்பாடியில் குடியேறினர். 1658-ல் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றி, 1690-ல் தங்கள் தலைமையிடத்தையும் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினர். இந்தியத் துணிகள் இங்கிலாந்தில் மிகுதியாக விலைபோகவே, அந்நாட்டு நெசவாளரைக் காக்கும்பொருட்டு 1700, 1721-ஆம் ஆண்டுகளில் அங்கே தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

துணியின் தரம் பாவு நூல்களின் எண்ணிக்கையால் குறிக்கப்பட்டது. 120 நூல் கொண்டது ஒரு புஞ்சம். அகலம் ஒன்றாயிருப்பின், புஞ்சம் மிகுந்த துணியே நயமானது. கொள்முதல் முன்பணத்தின் பேரில் நடைபெற்றது. நெசவாளர் அப்பணத்தைக் கொண்டே நூலும் வாங்கினர். உணவுக்குத் தானியமும் வாங்கினர். மழை பொய்த்துத் தானிய விலை ஏறினால், முன்பணம் உணவிலேயே கரைந்தது. துணியின் விலை ஏறிற்று, அல்லது நெசவு நெருக்கம் குறைந்தது. ஆகவே வயலின் விளைச்சலே தறியையும் தாங்கிநின்றது.

வேண்டாதபோது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தினின்றும் விலகும் வழக்கம் நெசவாளருக்கு இருந்தது. ஆங்கிலக் கம்பெனியார் ஆட்சியதிகாரம் பெற்றபின், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவ்வுரிமை ஒடுக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து பெருகவே, பழைய ஏற்றுமதி அழிந்தது. டேனியர் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றனர்.

இவ்வியாபாரத்தின் ஏடுகள் இன்றும் ஹேக், கோபன்ஹேகன், லண்டன், சென்னை ஆகிய நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவை பெரும்பாலும் வாங்கினவர் எழுதிய கணக்குகளே. பருத்தி விளைத்தவர், நூற்ற பெண்கள், நெய்தவர் ஆகியோர் எழுதிவைத்த வரவு செலவு கிடைப்பது மிக அரிது. தானியம் மலிவாயிருந்தமையால் 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளரின் வாழ்க்கை இங்கிலாந்து நெசவாளரின் வாழ்க்கைக்குத் தாழ்ந்ததன்று என 1998-ல் ஆராய்ச்சியாளர் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதினார். அதனை மறுப்போரும் உளர். சிதறிக் கிடைக்கும் சில கூலிக் குறிப்புகளையே இருசாராரும் நம்பவேண்டியிருப்பதால் வழக்கு எளிதில் தீர்வதில்லை.

சம்பா அறுவடைக்குப்பின் நெல் தரிசில் பருத்தி பயிரிடும் மிராசுதார்கள் இதனைக் கருதுதல் நலம். உழவு, விதை, உரம், மருந்து, களையெடுப்பு, பஞ்செடுக்கும் கூலி ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவருக. ஒவ்வோர் எடுப்பின் நிறையையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கிடைத்த விலையையும் அதன் எதிரே குறித்துவைக்க. கிராம அதிகாரிகள் அடங்கலில் பயிரையும் பரப்பையும் வயலை நேரிற் பார்த்தே பதிதல் வேண்டும். சென்ற பசலிப் பதிவைப் பார்த்தெழுதுதல் கூடாது. வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் கெட்டு நிவாரணம் கோருங்கால், அப்பதிவே சாட்சி. வாங்குவோர் கணக்கு எந்நாளும் எழுதப்படும். விளைவிப்போர் கணக்கை விளைவிப்போரே எழுதல் வேண்டும்.