அழுத்தினால் ஒலி, அசைத்தால் இசை

மாணவர்களே, கிள்ளான் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அழுத்தம் மாறினால் ஒலியும் மாறும். வீணைக் கலைஞர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை வரவழைக்கிறார். ஆனால் சாதாரண கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம்தான். விரலை அசைத்து அந்தச் சுரத்தை வளைக்க முடியாது. இக்குறையைத் தீர்க்க உதவுபவை உணரிகள், அதாவது சென்சார்கள்.

அழுத்த உணரி

இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்கும் 'கன்டினியம்' என்ற கருவியில் தனித்தனிக் கட்டைகள் இல்லை; மிருதுவான ஒரே நீண்ட பரப்புதான். இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹாக்கன். 2009இல் வெளிவந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் இதன் ஒலியைக் கேட்கலாம்.

பரப்பின் அடியில் வரிசையாகச் சிறு தண்டுகள் உள்ளன. விரல் அழுத்தும்போது தண்டும் அதன் முனைகளிலுள்ள காந்தங்களும் கீழிறங்கும். காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணரிகள் அளக்கும். விரலை இடவலமாக நகர்த்தினால் சுருதி மாறும்; அழுத்தினால் ஒலி கூடும்; முன்பின்னாக நகர்த்தினால் ஒலியின் தன்மை மாறும். இதனால் கமகம் மீண்டும் விரல்நுனிக்கு வந்துவிடுகிறது.

அசைவு உணரி

2016 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், இன்டெல் நிறுவனத்தின் 'கியூரி' சில்லு பொருத்திய பட்டைகளைக் கையில் அணிந்து, கையசைவால் இசை எழுப்பினார் ரஹ்மான். இத்தகைய உணரிக்குள் நுண்ணிய சிலிக்கான் எடை ஒன்று வில்களில் தொங்கும். கை அசைந்தால் அது சற்று விலகும். அந்த விலகலே மின்குறிப்பாகிறது.

செய்து பாருங்கள்

பள்ளியில் பயன்படுத்தும் மைக்ரோபிட்டிலும் அசைவு உணரி உண்டு. அதைத் தட்டையாக வைத்தால் x அளவு 0. செங்குத்தாகச் சாய்த்தால் ஏறக்குறைய 1000. இந்த விதியை நிரலாக எழுதுங்கள்:

அதிர்வெண் = 220 + (0.22 × x)

30 பாகை சாய்த்தால், சைன் 30 = 0.5 என்பதால் x = 500. ஆகவே 330 ஹெர்ட்ஸ் ஒலிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அசைவுக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதம் நூறில் ஒரு விநாடி அளவுக்குள் இருப்பது நல்லது; நீண்டால் தாளம் தப்பும். மேலும், உணரி தருவது வெறும் எண்தான். எந்த அசைவுக்கு எந்த ஒலி என்று முடிவு செய்பவர் கலைஞரே.

சிந்திக்க: 0.22க்குப் பதில் 0.44 என எழுதினால், 30 பாகையில் எத்தனை ஹெர்ட்ஸ் ஒலிக்கும்? கை சற்றே நடுங்கினால் சுருதி என்னவாகும்?