டைப்பிங் தெரிந்தால் மெடிக்கல் பில்லிங் வருமா?

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக நடக்கும் மெடிக்கல் பில்லிங் வேலையைப் பற்றி நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. டைப்பிங் வேகமும் சுமாரான ஆங்கிலமும் இருந்தால் போதும், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பதே அது. இப்படி நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதிதாகச் சேர்பவர்கள் பலருக்கு முதலில் கிடைப்பது நோயாளியின் பெயர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் எண் ஆகியவற்றைப் பதியும் வேலைதான். ஆனால் அமெரிக்க மருத்துவரிடம் பணம் போய்ச் சேர்வதும் சேராததும் இந்தப் பதிவோடு முடிந்துவிடுவதில்லை.

இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைதான் கிளைம். ஒரே ஒரு கிளைமை எடுத்துப் பார்ப்போம். வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு மருத்துவர் மூட்டுக்குள் ஊசி போடுகிறார். அன்றைக்கே கலந்தாலோசனைக்கும் கட்டணம் கேட்கிறார். ஊசிக்குக் குறியீடு 20610, ஆலோசனைக்கு 99213, நோய்க்கு எம்17.11. இதன் கடைசி இலக்கத்தை 2 என்று அடித்துவிட்டால் அது இடது கால். சிகிச்சை வலது காலுக்கு என்று சொல்லும் ஆர்.டி. மாடிஃபையரோடு (குறியீட்டுடன் சேர்க்கும் துணைக்குறி) முட்டும். இது டைப்பிங் பிழை, திருத்திவிடலாம். எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கட்டும். அப்போதும் ஊசிக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஆலோசனையை சி.ஓ.-97 என்ற காரணக் குறியீட்டோடு இன்சூரன்ஸ் தள்ளக்கூடும். ஊசி போடுவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை, ஊசியின் கட்டணத்திலேயே அடக்கம் என்பது அதன் பொருள். மாடிஃபையர் 25 சேர்த்து மறுபடி அனுப்பினால் பணம் வந்துவிடலாம். இந்த வித்தையைப் பக்கத்து சீட்டுக்காரரே சொல்லிக்கொடுத்துவிடுவார். ஆனால் 25 என்பது ஓர் உறுதிமொழி. ஊசிக்கு அப்பாற்பட்ட, தனித்துக் காட்டத்தக்க மதிப்பீட்டை மருத்துவர் அதே நாளில் செய்தார் என்று அது சொல்கிறது. அவர் ரத்த அழுத்தத்தையும் பார்த்து மாத்திரையை மாற்றியிருந்தால் அதற்கு ஆதாரம் உண்டு. முன்பே நாள் குறித்து வெறும் ஊசிக்காக வந்தவர் என்றால் இல்லை. இதை மருத்துவரின் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

முடிவு பிசகினால் என்ன ஆகும்? மெடிகேர், மெடிக்கெய்ட் போன்ற அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்குப் பொய்க் கிளைம் அனுப்பினால், 1863இல் லிங்கன் காலத்தில் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். இழப்பைப் போல மூன்று மடங்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கிளைமுக்கும் அபராதம். ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலோ, பொறுப்பற்று அலட்சியம் காட்டினாலோ போதும்.

‘குறியீடு போடுவது கோடரின் பொறுப்பு, பில்லிங் ஆளுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்களில் இரண்டும் தனித்தனி இலாகாக்கள்தான். ஆனால் டினையல், அதாவது இன்சூரன்ஸின் மறுப்பு, வந்து விழுவது வர வேண்டிய பாக்கியைப் பின்தொடரும் ஏ.ஆர். ஆளின் மேஜையில். திருத்தி அனுப்புவதா, மேல்முறையீடா, வராது என்று ரைட் ஆஃப் செய்வதா என்று அவர்தான் முதலில் யோசிக்க வேண்டும். சி.ஓ. என்று வந்தால் அது மருத்துவருக்கும் இன்சூரன்ஸுக்கும் உள்ள ஒப்பந்தக் கணக்கு, நோயாளியிடம் கேட்கக்கூடாது, பி.ஆர். என்றால் நோயாளியின் பங்கு. மெடிகேர் கிளைமை சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பாமல் சி.ஓ.-29 வந்தால், அந்த நஷ்டம் மருத்துவருடையது. சி.ஓ., பி.ஆர். என்ற இந்த இரண்டெழுத்து வித்தியாசம் புரியாதவர் அமெரிக்க உச்சரிப்பிலேயே ஆங்கிலம் பேசி என்ன பயன்?

சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற வாதமும் உண்டு. அதில் பாதி உண்மை. இடது, வலது முரண்பாட்டையும், சேர்த்துக் கேட்கக்கூடாத சிகிச்சைகளையும் அது பிடிக்கும். ஒன்றாகக் கேட்கக்கூடாத குறியீட்டு ஜோடிகளை மெடிகேர் 1996 முதலே இயந்திரச் சோதனையில் வைத்திருக்கிறது. அப்படியானால் முதலில் காணாமல் போவது டைப்பிங் வேலைதானே? டைப்பிங்கை நம்பி வருபவர்தான் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டும்.

குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதும் வீண் பயம். நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐ.சி.டி.-10-சி.எம்.மில் 70,000க்கும் மேற்பட்ட குறியீடுகள். ஆண்டுதோறும் அக்டோபர் 1இல் மாறும். சிகிச்சைக் குறியீட்டுத் தொகுப்பான சி.பி.டி. ஜனவரி 1இல் மாறும். யார் மனப்பாடம் செய்ய முடியும்? கோடர்களுக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம். குறியீட்டுப் புத்தகங்களை அருகில் வைத்துக்கொண்டே எழுதலாம். அங்கே சோதிக்கப்படுவது, புத்தகத்தில் எதை எங்கே தேடுவது, விதியை எப்படிப் பொருத்துவது என்பதைத்தான்.

ஆகவே பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அடையாளம் நீக்கிய மருத்துவக் குறிப்பையும், இன்சூரன்ஸ் அனுப்பிய பதிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஏன் பணம் வரவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருவீர்களா? டைப்பிங் டெஸ்ட்டைப் பற்றி மட்டும் பேசினால் வேறு இடம் பாருங்கள்.