அரிசியின் நலமும் அறிஞர் முயற்சியும்

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறிநின்று கீழே நோக்குவார்க்குக் குன்றுகளும் கழனிகளும் விரிந்து தோன்றும். ஆந்திர நாட்டெல்லையை அடுத்த இவ்வூர் 1960-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. எல்லை எங்கே நின்றாலும் இருபுறத்தார்க்கும் உணவு அரிசியே. அவ்வரிசியை வாங்குங்கால் நாம் வினவுவன இரண்டு: விலை யாது? நிறம் வெண்மையா? அதனுள் சத்து எவ்வளவு, நஞ்சு ஏதேனும் உண்டோ என வினவுவார் மிகச் சிலரே. இவ்விரண்டனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வெண்மையின்மேற் கொண்ட விருப்பம் ஒருகாலத்தில் உயிரையே கவர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி என்னும் நோய் பரவிற்று. குன்னூரில் ஆராய்ச்சி நிகழ்த்திய மக்காரிசன் முதலிய அறிஞர்கள் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். தவிட்டோடு உயிர்ச்சத்து பி நீங்கியதே தீமைக்கு வேர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தின் ஒரு பகுதி அரிசியினுட் செல்லுகின்றது. ஆதலின் புழுங்கலரிசி உண்டார்க்கு அந்நோய் அரிதாயிற்று. நம் பாட்டிமார் நெல்லவித்த அண்டா, அவர் அறியாமலே மருந்துச்சாலையாய் விளங்கிற்று எனலாம்.

இனி, நெல்லையே திருத்தும் முயற்சியைக் காண்போம். கோயமுத்தூரில் 1912-இல் நெல் ஆராய்ச்சி தொடங்கியது, 1921-இல் ஜி.இ.பி. 24 என்னும் நல்லினம் வெளிவந்தது. திருத்தணிகை அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே திரூர் என்னுமிடத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுண்டு. ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் கலந்து பிறந்த திரூர் இனமாகிய டி.கே.எம். 6, பிற்காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டில் உருவாகி உலகெங்கும் பரவிய ஐ.ஆர். 20-க்குப் பெற்றோருள் ஒன்றாயிற்று. தண்டு துளைக்கும் பூச்சியைத் தாங்கும் ஆற்றலே அது தன் வழித்தோன்றலுக்கு அளித்த சீதனம்.

கலப்பு எங்ஙனம் நிகழும்? நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இயல்பினது. ஆதலின் பூ மலருமுன் அதன் மகரந்தப் பைகளை நீக்கி, வேற்றினத்தின் மகரந்தத்தைத் தூவுவர். விளைந்த மணிகளை விதைத்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து, குணம் நிலைபெற்ற பின்னரே உழவர் கைக்குத் தருவர். முற்காலத்தில் விளைச்சலும் பூச்சியைத் தாங்குதலுமே நோக்கமாயிருந்தன. இன்று மணிக்குள் உள்ள சத்தும் அளவிடப்படுகின்றது. சாதாரண வெள்ளரிசியில் புரதம் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு. கட்டாக் நிலையத்தார் கண்ட சி.ஆர். தான் 310 என்னும் இனத்தில் அது 10-க்கு மேற்பட்டது. பிள்ளைகளின் வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக்கும் இன்றியமையாத துத்தநாகம், ஐதராபாத்து நிலையத்தாரின் டி.ஆர்.ஆர். தான் 45-இல் தீட்டிய பின்னும் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் நிற்கின்றது. சாதாரண அரிசியில் அது 12 முதல் 16 வரையே.

சத்தினைச் சேர்ப்பதினும் நஞ்சினை விலக்குதல் அரிது. வேரிலுள்ள வாயில்கள் நல்லதையும் தீயதையும் ஒருங்கே உள்ளே விடுகின்றன. நீர் தேங்கிய வயலில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் மண்ணினின்று கரைந்து, மணற்சத்து புகும் வழியே ஏறும்; வங்காளத்து நிலத்தடி நீரிலுள்ள கேடு இதுவே. நீரை வடித்தாலோ, காட்மியம் என்னும் வேறொரு நஞ்சு கரைந்தேறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் எலும்பு நொறுங்கும் நோயைத் தந்தது அதுவே. உழவன் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையாயிற்று. ஜப்பானிய அறிஞர்கள் கோஷிஹிகாரி என்னும் நெல்லை அயனிக் கதிரால் தாக்கி, காட்மியம் புகும் வாயில் அடைபட்ட இனமொன்றைக் கண்டு 2012-இல் வெளியிட்டனர். அவ்வினத்தை விதைத்தால் நீரைக் குறைத்து ஆர்செனிக்கையும் தணிக்கலாம். ஒரு வாயிலை அடைத்தமையால் இரு பகையும் அகலும் வழி பிறந்தது!

எனினும் அறிஞர் ஊட்டியதை நாம் இழத்தல் எளிது. திரூர் நிலையத்தின் டி.கே.எம். 9 செந்நெல்லாகும், அதன் செம்மை மேற்றோலிலேயே உள்ளது. வெண்மை வேண்டித் தீட்டத் தீட்ட நிறமும் சத்தும் ஒருங்கே கழியும். துத்தநாகம் கண்ணுக்குத் தோன்றாது. ஆதலின் வணிகர் அதற்கெனக் கூடுதல் விலை தாரார். விலை கிடையாத நெல்லை உழவர் விதையார். ஆக, நல்விதை களஞ்சியத்திலேயே உறங்குவதும் ஊர்தோறும் விளைவதும், அரிசி வாங்கும் நம் வினாவைப் பொறுத்தன. மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால் அரிசிக் கடையில் நிறத்தைக் கேளாது இனத்தைக் கேண்மின். கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனன்றோ?