அவுன்ஸ் விலையைப் பவுன் விலையாக்குவது எப்படி?

சர்வதேசச் சந்தையில் தங்கத்தின் விலையை அவுன்ஸுக்கு இத்தனை டாலர் என்றுதான் சொல்கிறார்கள். நம்மூர் நகைக்கடைப் பலகையில் இருப்பது கிராம் விலையும் பவுன் விலையும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வர, கைப்பேசி கால்குலேட்டர் போதும்.

கணக்கைத் தொடங்கும் முன் எந்த அவுன்ஸ் என்று பார்க்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். பார்சலுக்கும் மளிகைக்கும் உள்ள அவுன்ஸ் 28.35 கிராம், அதில் 16 சேர்ந்தால் ஒரு பவுண்டு. தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். செய்தியில் ‘டிராய்’ என்ற சொல் பெரும்பாலும் விட்டுப்போகும். சமையலறைத் தராசை அவுன்ஸுக்கு மாற்றினால் பொதுவாக அது காட்டுவதும் 28.35 கணக்குதான், நகையை அதில் அவுன்ஸாக நிறுக்காதீர்கள், கிராமிலேயே நிறுங்கள்.

இனி கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று அவுன்ஸ் 4,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1. 4,000-ஐ 31.1035-ஆல் வகுங்கள்: கிராமுக்கு 128.60 டாலர்.

2. அதை 85-ஆல் பெருக்குங்கள்: சுமார் 10,931 ரூபாய். இது 24 காரட் விலை.

3. நகை 22 காரட். எனவே 22-ஆல் பெருக்கி 24-ஆல் வகுங்கள்: 10,020 ரூபாய்.

4. பவுனுக்கு 8 கிராம். எட்டால் பெருக்கினால் சுமார் 80,160 ரூபாய்.

முதல் படியில் 28.35-ஐப் போட்டிருந்தால் பவுனுக்கு ஏறக்குறைய 7,800 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும்.

தினமும் விலை பார்ப்பவர்கள் நான்கு படியும் ஏற வேண்டாம். அவுன்ஸ் விலையை டாலர் மதிப்பால் பெருக்கி, 0.2358-ஆல் மறுபடி பெருக்கினால் 22 காரட் பவுன் விலை நேராக வந்துவிடும்.

கடைப் பலகையில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். இறக்குமதி வரி அதில் அடக்கம். சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் பில்லில் ஏறுபவை, அவற்றை இந்தக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்குக் காரட் படி இல்லை. ஒரு கிலோவில் 32.15 டிராய் அவுன்ஸ் இருப்பதால், அவுன்ஸ் விலையை 32.15-ஆலும் டாலர் மதிப்பாலும் பெருக்கினால் கிலோ விலை.

வளைகுடாவிலிருந்து வரும் பத்துத் தோலா கட்டி வீட்டில் இருந்தால், ஒரு தோலா 11.664 கிராம், கட்டி 116.64 கிராம். அது 24 காரட் என்பதால் மூன்றாம் படியை விட்டுவிடுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய பிரிட்டிஷ் சவரன் காசு புதிதாக இருந்தபோதே 7.988 கிராம்தான். தேய்ந்திருக்கவும் கூடும், எட்டு கிராம் என்று எண்ணிக்கொண்டு விற்கப் போகாமல், நிறுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.