நாய்க்குட்டி வரப்போகிறதா? வீட்டைத் தயார் செய்ய 14 குறிப்புகள்

குட்டியைத் தூக்கி வந்த பிறகு தட்டுக்கும் பட்டைக்கும் கடைக்கு ஓடுவதும், நள்ளிரவில் டாக்டர் நம்பர் தேடுவதும் பல வீடுகளில் நடப்பதுதான். ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் முதல் மாதத் தொல்லைகளில் பாதி வராது.

1. எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் அதற்குக் குறைந்த வயதில் விற்கக் கூடாது என்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. பட்டாசுச் சத்தம் ஓயாத தீபாவளியை ஒட்டிய நாட்களில் அழைத்து வருவதையும் தவிர்க்கலாம்.

2. அழகைப் பார்ப்பதற்கு முன் ஊர் வெயிலைப் பாருங்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற அடர்ந்த ரோமக்காரர்களுக்கு நம் சித்திரை மாதம் தண்டனை. நம் ஊர் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் வெயிலைத் தாங்கும். ஆனால் ஓட இடம் வேண்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது. குட்டி திரும்பி நிற்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் நல்ல தேர்வுதான்.

3. சோறு வைப்பது யார், காலையில் வெளியே கூட்டிப்போவது யார், குடும்பத்தோடு ஊருக்குப் போனால் யார் பொறுப்பு என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அப்பா ‘உட்கார்’ என்றும் மகள் ‘சிட்’ என்றும் சொன்னால் குட்டி குழம்பும். எல்லோரும் ஒரே சொல்லைப் பழக்குங்கள்.

4. ஒவ்வொரு அறையிலும் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர், கொசுவிரட்டி பாட்டில், பீரோ அடியில் உருண்டு கிடக்கும் அந்துருண்டை, கரப்பானுக்குக் கிழித்த சாக்பீஸ் கோடு, எலி மருந்து, மாத்திரை அட்டை எல்லாம் குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். எடுத்து மேலே வையுங்கள், கோட்டைத் துடைத்துவிடுங்கள். வாசல் செருப்புகளுக்கும் மூடிய ஸ்டாண்ட் தேவைப்படும்.

5. கேட் கம்பிகளுக்கு நடுவே தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். கீழ்ப்பகுதியில் வலை அடியுங்கள். சம்ப் மூடி, கிணற்று மேடை, பால்கனி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றையும் சரிபாருங்கள். குட்டி வந்த பிறகு, காரைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பார்ப்பது பழக்கமாகட்டும்.

6. அரளியின் இலை, பூ, காய், தண்டு எல்லாமே நஞ்சு; இதயத்தைத் தாக்கும். ஊமத்தையும் அப்படியே ஆபத்தானது. குட்டி உலவும் இடத்தில் இவை இருந்தால் அகற்றுங்கள், அல்லது வேலி கட்டுங்கள்.

7. டைல்ஸ், கிரானைட் தரையில் குட்டியின் கால்கள் பரப்பிக்கொண்டு வழுக்கும். வளரும் மூட்டுகளுக்கு அது நல்லதல்ல. அது அதிகம் நடமாடும் இடத்தில் கோணிச்சாக்கோ ரப்பர் மேட்டோ விரியுங்கள்.

8. வாங்க வேண்டியவை அதிகமில்லை: சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கவிழாத இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள், மெல்லிய கழுத்துப்பட்டை, நாடாக் கயிறு, பிரஷ், கடிக்க ரப்பர் பொம்மை. இரும்புச் சங்கிலி வேண்டாம். நாம் குளிக்கும் சோப்பும் ஷாம்பூவும் அதன் தோலுக்கு ஒத்துவராது. படுக்கைக்குப் பழைய பருத்திப் புடவையே போதும். ஷீட் கூரைக்கு அடியில் மட்டும் படுக்கை போடாதீர்கள்.

9. டாக்டரை முன்கூட்டியே பார்த்து வைத்து, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தை விசாரியுங்கள். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், எந்த ஊசி போட்டார்கள் என்று குட்டியைத் தருபவரிடம் எழுதி வாங்குங்கள். பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாத முடிவில்.

10. வீட்டில் முன்பு ஏதாவது குட்டி பார்வோ வந்து ரத்தக் கழிச்சலில் இறந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்பாதீர்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பழைய படுக்கை, கிண்ணங்களைக் கழித்துவிடுங்கள். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டாம், தூக்கிக்கொண்டு போகலாம்.

11. முதல் வாரம், ஏற்கெனவே சாப்பிட்டு வந்த உணவையே கொடுங்கள். பிறகு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை. பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். மிச்சமான சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு இரண்டும் கூடாது.

12. விடுமுறை நாளின் காலையில் அழைத்து வாருங்கள். இருட்டுவதற்குள் வீட்டை மோந்து பார்த்துப் பழகிவிடும். கிளம்பும் முன் வயிறு முட்ட ஊட்டினால் வழியில் வாந்தி எடுக்கும். தாயின் மேல் தேய்த்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, படுக்கையில் போடுங்கள். முதல் சில இரவுகள் அழும். தனியாகக் கொல்லையில் அடைக்காமல், உங்கள் கட்டிலருகே படுக்க விடுங்கள்.

13. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே சிறுநீரோ மலமோ போனால் உடனே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் அடிப்பதாலோ மூக்கைத் தேய்ப்பதாலோ பயன் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

14. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். அப்போது தொடக் கூடாது என்று குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். விளையாட்டில் பல்லோ நகமோ கீறினால், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மிக்ஸி, குக்கர் விசில், பைக் சத்தம், குடை, ஹெல்மெட் போட்ட ஆள் என ஒவ்வொன்றாகத் தூரத்திலிருந்து காட்டி, கூடவே ஒரு வாய்த் தீனி கொடுங்கள். மூன்றரை மாதத்துக்குள் பழகியவற்றுக்கு நாய் பிறகு அவ்வளவாக மிரளாது. சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வெறிநாய்க்கடி ஊசி போட்டதும் அந்தச் சான்றை வைத்து உரிமமும் எடுத்துவிடுங்கள்.