தார்ன்பரோவின் மண்வட்டங்கள்

இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், யூர் ஆற்றுக்கு அருகே தார்ன்பரோ என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரையொட்டி மூன்று மாபெரும் மண்வட்டங்கள் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் சுமார் 240 மீட்டர். இரண்டு கால்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தாலும் ஒரு வட்டத்தினுள் அடங்கிவிடும். இரும்பை மனிதர் அறியாத காலத்தில், இற்றைக்கு 4,500 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்னர், இவை எழுப்பப்பட்டன.

இவற்றின் அமைப்பை விளக்க அகழி, கரை, வாயில் என்னும் மூன்று பழந்தமிழ்ச் சொற்களே போதும். மண்ணைத் தோண்டிய இடம் அகழி. தோண்டிய மண்ணைக் குவித்தது கரை. எதிரெதிரே இரண்டு வாயில்கள். கோட்டைக்கு அகழி வெளியே இருப்பதே முறை. இங்கோ கரைக்கு உட்புறமும் அகழி உண்டு. பகைவரைத் தடுக்க எவரேனும் வீட்டுக்குள்ளே பள்ளம் தோண்டுவரோ? ஆதலால், இவை மக்கள் கூடிச் சடங்குகள் இயற்றிய இடங்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கரையின்மீது ஜிப்சம் என்னும் வெண்ணிறக் கனிமத்தைப் பரப்பியிருந்ததற்கும் சான்று கிடைத்துள்ளது. பசும்புல்வெளி நடுவே வெண்ணிற வளையங்கள்! தொலைவிலிருந்து வந்தோர் வியந்து நின்றிருப்பர். வானிலுள்ள மூன்று விண்மீன்களைப் பார்த்தே இவ்வட்டங்களை அமைத்தனர் என்போரும் உளர். கேட்க இனிய கருத்துதான், மெய்ப்பிப்பது அரிது.

கற்கோயில் இடிந்தாலும் கல் கிடக்கும். மண்மேடு அழிந்தால் அது வெறும் வயலாகிவிடும். தார்ன்பரோவில் பல தலைமுறைகளாக நடந்த உழவினால் கரைகள் தாழ்ந்தன. நிலத்தடியில் கட்டடப் பணிக்கு ஏற்ற சரளை மிகுதியாக இருந்தது மற்றோர் இடர். வட்டங்களைச் சட்டம் காத்தது; ஆயினும் சுற்றியுள்ள நிலத்தில் சரளைக்குழிகள் விரிந்தன. அந்நிலத்திலும் தொன்மக்களின் தடயங்கள் புதைந்திருந்தன. மேலும் தோண்ட இசைவு கோரப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்தனர்.

2023-இல் நடுவட்டமும் தென்வட்டமும் அவற்றின் உரிமையாளர்களால் நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டன. வடவட்டம் 2024-இல் அவற்றுடன் சேர்ந்தது. அதன்மீது மரங்கள் அடர்ந்திருந்ததால் கலப்பை அங்கே நுழையவில்லை. மூன்றனுள் அதுவே நன்கு எஞ்சியுள்ளது.

சொற்பொருள்: இற்றைக்கு – இன்றைக்கு, இயற்றிய – செய்த, இசைவு – அனுமதி, மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்.

சிந்தித்து எழுதுக: வட்டங்களை மட்டும் காத்தால் போதாது என்று மக்கள் எண்ணியது ஏன்?